தங்கராசா சொன்னதும் நான் சொன்னதும்

மகன், வியாழக்கிழமை நீ கொழும்பிலிருந்து அடித்த போனை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் எதையும் முழுதாகச் சொல்லாமல் பழகிப்போனவள் நான். எடுத்திருந்தால் “சுகமாப் போய்ச் சேர்ந்தியா, சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்து வாசிக்கத் தேவையில்லை. உன் மேலதிகாரியிடம் கொடுத்தாலும் சரி, பேப்பருக்கு அனுப்பினாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. பென்சன் எடுத்தவளை இனி எங்கே இடம் மாற்றப்போகிறார்கள்?

புதன்கிழமை மத்தியானம் நீ மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக் குழைத்துக்கொண்டே சொன்னாயே, அதுதான் என்னை நாலு நாளாகத் தூங்கவிடவில்லை. “அம்மா, இவ்வளவு லேசா ஒரு விசாரணையும் முடிஞ்சதில்ல. முப்பது பேரக் கேட்டன். முப்பது பேரும் ஒரு பிரச்சினையும் இல்ல எண்டுட்டாங்க. வெளிநாடு போறதுக்கு முதல் அறிக்கையக் குடுத்திட்டுப் போயிருவன்.” கம்பனிகள் ஒன்றையொன்று வாங்கும்போது சனத்துக்கு நட்டம் வருமா என்று பார்க்கிற ஆணைக்குழுவில் நீ உத்தியோகத்தன். பெரிய பால் கம்பனி ஒன்று சின்னப் பால் கம்பனியை வாங்கப் போகிறது. இரண்டுக்கும் பால் ஊற்றுகிற வெல்லாவெளிப் பக்கத்து மாட்டுக்காரர்களைக் களுவாஞ்சிகுடிக்குக் கூப்பிட்டு நீ விசாரித்தாய். ஆமி ரோட்டை எப்போது மூடுமோ என்ற காலத்தில் அவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். “கம்பனி லொறியிலதான் அம்மா. அவங்களே ஏத்தி வந்து சாப்பாடும் குடுத்தாங்க. நல்ல ஆக்கள்.” நான் உன் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன். நீ புறப்படும்வரை வாயைத் திறக்காதது என் பயந்த சுபாவம். அந்தச் சுபாவத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் தாத்தா சிங்கள ஊர்களில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர் என்பதால் எனக்குச் சிங்களம் சின்ன வயதிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த எனக்கு, சண்டை தொடங்கிய பிறகு கோப்பு வேலையைவிட மொழிபெயர்க்கிற வேலைதான் அதிகம். ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தால், பெரியவர் யாராவது ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வெயிலில் குந்தியிருக்கிற பொடியன் ஆத்திரத்தில் எதையாவது கத்துவான். அதிகாரி என்ன சொல்கிறான் என்று கேட்பார். “பயமா இருக்காம் ஐயா, வீட்ட போகட்டா எண்டு கேக்கிறான்” என்று நான் சிங்களத்தில் சொல்வேன். இப்படி எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்தார்கள். உன் அப்பாவையும் ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். “நான் இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தி. என்ர பிள்ளையளுக்கு முன்னால என்ன மாடு மாதிரி நிக்கவைக்க இவங்க ஆர்?” என்று உரத்துக் கேட்டார். தலையிடி வருத்தக்காரர், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறார் என்றேன் நான். விட்டார்கள். அவருக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும் என்பதை அப்போது மறந்துபோனேன். தன்னைக் கெஞ்ச வைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உயிரோடு இருந்துகொண்டு கோபிக்கட்டும் என்று நான் சமைத்துப் போட்டேன்.

அந்தக் காலத்தில் வாவியில் பிடிக்கிற இறாலுக்கும் மீனுக்கும் ஐஸ் கொடுக்க இரண்டு பெக்டரி இருந்தன. ஒன்று வடக்கே, ஏறாவூருக்குப் போகிற வழியில். மற்றது தெற்கே, கல்லடிப் பாலம் தாண்டி. இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை. கொழும்புக் கம்பனி ஒன்று வந்து இரண்டையும் ஒன்றாக வாங்கப் புறப்பட்டது. அதைப் பற்றிச் சனத்திடம் விசாரிக்க, இன்று நீ இருக்கிற அதே ஆணைக்குழுவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த சிங்களவர், கையில் குடை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கச்சேரி மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள், மொழிபெயர்க்க என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

முதல் கேள்வியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெயர் என்ன, ஊர் எது, எந்த வழியால் ஐஸ் எடுக்க வருகிறீர்கள், எத்தனை பெட்டி எடுக்கிறீர்கள், அது வாவிக்கு அந்தப் பக்கம் எங்கே போகிறது. இதைத்தானே ஆமி முகாமிலும் கேட்பார்கள். இதற்காக ஒரு மனிதன் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வருவானா என்று நினைத்தேன். ஐஸ் கம்பனி சாட்டு, உண்மையில் இயக்கப் போராளிகள் இருந்த அக்கரைக்கு யார் என்ன கொண்டு போகிறார்கள் என்று அறியத்தான் வந்திருக்கிறார்கள் என்று என் மனம் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. போதாதற்கு, பின்வரிசையில் ஒரு ஆள் அறிமுகம் இல்லாமல் சிவில் உடுப்பில் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அந்த நாள் முழுவதும் பேசியது அவனுக்குக் கேட்கத்தான்.

அக்கரையான படுவான்கரையிலிருந்து வந்த தங்கராசா என்ற மீன்பிடிகாரர்தான் முதலில் எழும்பினார். கறுத்து உயர்ந்த மனிதர். சபையில் பேசிப் பழக்கமில்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஐயா, எங்களுக்கு வெல வாசியப் பத்திக் கதையில்ல. மம்முனைத் தொறைய மூடினா நாங்க வலையிறவுப் பாலத்தால வந்து வடக்கு பெக்டரியில ஐஸ் எடுப்பம். பாலத்த மூடினா தொறையால வந்து தெற்கால எடுப்பம். ரெண்டையும் மூடினா கண்டல் மரத்து ஓரமாத் தோணிய விட்டு எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் போவம். ரெண்டு பெக்டரியும் ஒருத்தன்ட கைக்குப் போனா அவன் ஒண்ட மூடுவான். மறுகா ஒரு ரோட்டு மூடினா எங்கட இறால் தோணிக்குள்ளயே நாறும். இத நீங்க எழுதோணும்.”

இப்போது வாசித்தால் உனக்கு விளங்கும். இரண்டு பெக்டரி வேறு வேறு கையில் இருப்பது ஏன் முக்கியம் என்பதை, அந்த அதிகாரியின் கோப்பில் இருந்த எந்தக் காகிதமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆனால் அன்று என் காதில் விழுந்தது ஒன்றுதான். ரோட்டு மூடியிருக்கும்போது கண்டல் ஓரமாகத் தோணியில் போகிறேன் என்று, பெயரும் ஊரும் பதிந்த பிறகு, ஒரு மனிதன் அரசாங்கத்திடம் ஒப்புக்கொள்கிறான். பின்வரிசை ஆள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். “இவர் இரண்டு பெக்டரியிலும் ஐஸ் எடுப்பவர். கம்பனி ஒன்றானால் தனக்குப் பிரச்சினை இல்லை, ஐஸ் ஒழுங்காகக் கிடைத்தால் போதும் என்கிறார்” என்று சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

அடுத்தது காத்தான்குடி மீன் வியாபாரி ஆதம்பாவா. அந்த நாட்களில் தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரு மண்டபத்தில் இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அவர் ஒரு மூலை, தங்கராசா மற்ற மூலை. ஆனால் அவர் சொன்னதும் அதேதான். “தெற்கு பெக்டரிய மூடினா நான் வடக்க போறண்டா டவுணத் தாண்டிப் போகணும். கலவரக் காலத்தில என்ன நம்பிப் போற? எனக்கும் பயம், என்னக் கண்டா அங்கால இருக்கிறவங்களுக்கும் பயம். ரெண்டும் இருக்கட்டும் மகள், அதச் சொல்லுங்க.” அதையும் நான் சொல்லவில்லை. கலவரம் என்ற சொல்லை அரசாங்கக் கோப்பில் ஏற்றுவதா? அவருக்கும் ஆட்சேபணை இல்லை என்றேன். அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் அதே வசனத்தைத்தான் சொன்னேன்.

தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அந்த அதிகாரி என் பக்கம் வந்தார். “மிஸ், அவர்கள் நீண்ட நேரம் பேசுகிறார்கள், நீங்கள் இரண்டு வரியில் முடிக்கிறீர்களே?” என்று மெதுவாகக் கேட்டார். சிரித்துக்கொண்டு, “எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சேர், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க” என்றேன்.  அவர் விசாரணைக் கோப்பை மேசையில் வைத்துவிட்டு, எதுவும் மறைக்க வேண்டாம், இது இந்த வியாபாரத்தைப் பற்றி மட்டும்தான் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. மறைக்க வேண்டாம் என்று சொல்லி வந்தவர்களை நான் எத்தனை பேரைக் கண்டிருப்பேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பின்வரிசை ஆள் எழும்பிப் போய் வாகனத்தின் கதவைத் திறந்து, குடையை வாங்கி வைத்து, அதிகாரியை ஏற்றினான். அவன் டிரைவர் மகன். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து உட்கார்ந்தவன். தமிழும் தெரியாது, சிங்களத்தில் நான் சொன்னதைக் கேட்டானோ என்பதும் தெரியாது. நான் பயப்பட்ட ஆள் அவன். முன்வரிசையில் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு, “தங்கச்சிக்குக் களைப்பு, ஒரு போத்தல் குடுங்க” என்று என்னிடமும் அன்பாக இருந்தவன் கம்பனியின் ஏஜன்ட். எங்கள் ஆள், கோயிலில் காண்கிற ஆள், நல்ல தமிழ் பேசுகிறவன். அவன் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

ஆட்சேபணை தெரிவித்தவர் எவரும் இல்லை என்று அறிக்கை போனது. கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு வருசம் ஆகவில்லை, தெற்கு பெக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள், இயந்திரம் பழுது என்றார்கள். அந்த இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன், பழுதான இயந்திரத்தை அவ்வளவு கவனமாகச் சாக்கால் போர்த்திக் கட்டி யார் கொண்டு போவார்கள்? அந்த மாரியில் வலையிறவுப் பாலத்தை மூடினார்கள். தங்கராசா துறையால் இக்கரைக்கு வந்து, டவுணைத் தாண்டி வடக்கே போய், வழியெல்லாம் ஆமிக்காரருக்கு உமிக்குள் வைத்த ஐஸைக் கிளறிக் காட்டிவிட்டுத் திரும்ப வீடு போனால், பெட்டிக்குள் கிடப்பது தண்ணீர். அடுத்த வருசமே தோணியை விற்றார். இப்போது வெள்ளாமைக் காலத்தில் மற்றவன் வயல் வட்டையில் கூலிக்கு வெட்டுகிறார். வாவியில் பிறந்து வளர்ந்த மனிதர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ படிக்கக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தபோது, தமிழ்ப் பொடியனுக்கு அறை கொடுக்க ஒருவரும் இல்லை. அந்த ஏஜன்ட் தானாகவே வீட்டுக்கு வந்து, “தம்பிக்கு ஒரு இடம் இருக்கு, நான் சொல்லி வைச்சிட்டன்” என்றான். நீ முதல் இரண்டு வருசம் இருந்தாயே, அந்த அறைதான். நான் கேட்கவில்லை, அவன் ஏன் வந்தான் என்றும் அன்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை பார். விசாரணைக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் இருக்கலாம். நான் பயத்தில்தான் அப்படிச் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். இப்போது அதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

நாலைந்து வருசத்துக்கு முன் தங்கராசாவை ஆஸ்பத்திரி வரிசையில் கண்டேன். மறைந்து போய்விடலாம் என்று திரும்பினேன், அவர் கண்டுவிட்டார். கிட்ட வந்து கும்பிட்டார். “அம்மா, அண்டைக்கு நீங்க எங்கட கதைய நல்லா எடுத்துச் சொன்னீங்க. அவங்கதான் காதில போடல்ல. சிங்கள ஆக்கள் எங்கட கதையக் கேப்பாங்களா?” என்றார். நான் “ஓம்” என்று ஒத்துக்கொண்டேன். மகன், உன் அம்மா அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். என் வாழ்நாளில் நான் செய்த பிழைகளில் இதைவிட மோசமானது வேறு கிடையாது. மொழிபெயர்த்ததற்காவது பயம் என்று ஒரு சாட்டு உண்டு. அந்த “ஓம்”க்கு என்ன சாட்டு?

இப்போது உன் முப்பது பேருக்கு வருகிறேன். நீ தமிழில் கேட்டாய், தமிழில் பதில் சொன்னார்கள், நடுவில் என்னைப் போல ஒருத்தி இல்லை என்று நீ சொல்லலாம். இருந்தது மகன். ஒவ்வொருவருடைய வாய்க்குள்ளும் ஒருத்தி இருந்தாள். தங்களை ஏற்றிவந்த லொறிக்காரன் வாசலில் நிற்கும்போது, திரும்பி அதே லொறியில் போக வேண்டிய மனிதன் என்ன சொல்வான்? அரசாங்க ஜீப்பில் வந்து, பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு, பால் எந்த வழியால் எங்கே போகிறது என்று கேட்கிற பொடியனைப் பார்த்து அவன் என்ன நினைப்பான்? இந்தப் பக்கத்தில் பிரச்சினை இல்லை என்று சொல்வது ஒரு பதில் அல்ல, நாங்கள் ஆமிச் சாவடியில் பாஸ் எடுக்கிற மாதிரி எடுத்து நீட்டுகிற காகிதம். கம்பனி மானேஜர் எங்கே இருந்தார்? முதல் ஆளின் பதிலை மற்றவர்கள் கேட்டுக்கொண்டா இருந்தார்கள்? சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தது விசாரணைக்கு முன்பா பின்பா? இதில் ஒன்றுக்காவது உன்னிடம் பதில் இருந்தால் எனக்கு எழுது. முப்பது பேரும் ஒரே சொல்லைச் சொன்னபோது உனக்குப் பயம் வரவில்லையே என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டத்தை மாற்றப் போகிறார்கள், இனிக் கம்பனிகள் சேர்வதை யாரும் விசாரிக்கமாட்டார்கள் என்றும் நீயே சொன்னாய். அப்படியானால் அந்த மாட்டுக்காரர்களிடம் இதைப் பற்றி அரசாங்கம் கேட்கிற கடைசி ஆள் நீ. அறிக்கையில் கையெழுத்து வைக்காதே. திரும்பி வா. காலையில் பால் கறக்கிற நேரம், அவர்களுடைய மாட்டுப் பட்டிக்கே, மோட்டார்சைக்கிளில் தனியே போ. பிரச்சினை இல்லை என்று சொன்ன பிறகும் எழும்பாமல் இரு. அதற்காக விமானம் போனால் போகட்டும்.

இதை உனக்குச் சொல்வதற்கு முன் நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. நேற்று ஆரையம்பதிக்குப் போனேன், தங்கராசா மகளோடு அங்கேதான் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவரையும் சொன்னேன், அறையையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்ன “ஓம்”மையும் சொன்னேன்.  “அப்ப நான் சொன்னது அந்த ஐயாட்டப் போகவே இல்லையா? இவ்வளவு காலமும் நான் அந்தாளயெல்லோ ஏசிக்கிட்டுக் கிடந்தன்” என்றார் அவர். பிறகு, “விளங்கியிருந்தா அவர் தடுத்திருப்பாரா?” என்று கேட்டார். தெரியாது அண்ணே என்றேன். அது உண்மை. என்னால் அது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அவர் என்னை ஏசவில்லை. உள்ளே போய் ஒரு கொப்பி கொண்டு வந்து முன்னால் வைத்து, “நான் திரும்பச் சொல்லுறன், இப்ப எழுதுங்க, சிங்களத்திலயே எழுதுங்க” என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னார், துறை, பாலம், கண்டல், தோணி எல்லாம். ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். உன் அலுவலகத்தில் பழைய கோப்புக் கிடந்தால் இதை அதில் என் பெயருக்குக் கீழே சேர்க்க வேண்டும் என்று சொன்னேன், கையெழுத்து வைக்கப் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்குச் சிங்களத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. “உங்கட மகன் வந்து இத எனக்குத் தமிழில வாசிச்சுக் காட்டட்டும். சிங்களம் தெரிஞ்ச வேற ஒரு ஆளையும் நான் பக்கத்தில வைச்சிருப்பன். ரெண்டு பேரும் சொல்லுறது ஒண்டா இருந்தா கையெழுத்து வைக்கிறன்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு, கொப்பியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.